பாதித் தளத்தில் கதவைத் திறக்கக் கூடாது

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட டாக்டரம்மா அன்றைக்கு லிஃப்ட்காரரைத் திட்டிய திட்டு நான்கு மாடிக்கும் கேட்டது. முதலில் "சார், கதவைத் திறங்க" என்றுதான் ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் சார் போய்விட்டது. பத்து நிமிடத்தில் "நீயெல்லாம் மனுஷனா?" வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அந்தரத்தில் நின்ற பெட்டிக்குள்ளிருந்து கதவைக் குத்துகிற சத்தமும் கூடவே வந்தது. வெளியே நின்ற லிஃப்ட்காரர் ஒரு வார்த்தைக்கும் கோபித்துக்கொள்ளவில்லை. கதவையும் திறக்கவில்லை.

"மேடம், நான் உங்களுக்கு நேரா வெளியேதான் நிக்கிறேன். விளக்கு எரியுதா?"

"எரியுது. கதவைத் திற."

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"சரி. உள்ளே பட்டன் மொத்தம் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க."

"எனக்கு மூச்சு முட்டுது, உனக்கு பட்டன் கணக்கா?"

"எண்ணுங்க மேடம். எனக்கு அது தெரிஞ்சாகணும்."

அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்த லிஃப்டை அங்கே மாட்டியவரே அவர்தான். ஆனால் இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் பயப்படாதீங்க என்று சொல்வதைப் போல வெட்டி வேலை வேறெதுவும் இல்லை. அப்படிச் சொன்னதும் சரி என்று பயத்தை மடித்து வைத்தவர் யாராவது உண்டா? பதில் தெரிந்த கேள்வியாகக் கேட்க வேண்டும். பதில் சொல்லச் சொல்ல ஆள் தன்னிடமே திரும்பி வருவார். டாக்டரம்மாவும் ஒன்பது என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது.

கதவைத் திறக்காததற்குக் காரணம் கல்மனசு இல்லை. பெட்டி பாதித் தளத்தில் நிற்கும்போது கதவைத் திறந்தால் மேலே பாதி பெட்டி தெரியும், கீழே பாதி வெறும் குழி தெரியும். பயந்து போன ஆள் யோசிக்கவா போகிறார்? குதிப்பார். கால் வழுக்கினால் குழிக்குள்தான். மாட்டிக்கொண்டு செத்தவர்களைக் காட்டிலும் பாதித் தளத்தில் அவசரப்பட்டு இறங்கப் போய்ச் செத்தவர்கள்தான் அதிகம் என்று அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். அதனால் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் அறையில் ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய கூட்டாளி பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, கயிற்றில் இருக்கும் மஞ்சள் பெயின்ட் குறி நேருக்கு வரும்வரை பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்கினார். மொத்தம் பதினெட்டு நிமிடம். அதன்பிறகு லிஃப்ட்காரர் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். டாக்டரம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று போய்விட்டார்.

இப்படி நிதானமான மனிதர் தன் சொந்த வீட்டு விஷயத்தில் இரண்டு வருடம் கழித்து அடித்த கூத்துதான் இங்கே சொல்ல வேண்டியது.

முதலில் அவருடைய தலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தலையில் முடி ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பின்மண்டையில் ஒரு இடம் தரிசு. ஆறு வருடமாகத் தன் முடியைத் தானே மெஷின் வைத்து வெட்டிக்கொள்கிறார். "என்னங்க, எலி ஏதாவது வந்துட்டுப் போச்சா?" என்று மனைவி கேட்பார். மனைவி நூலகத்தில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க மெதுவாகப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்ததும் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசித் தீர்ப்பவர்.

சலூனுக்குப் போகாததற்கு லிஃப்ட்காரர் வைத்திருந்த காரணத்தின் பெயர் கேஸ், அதாவது வயிற்று வாயு. ஆறு வருடத்துக்கு முன்னால் சலூன் நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, தலையை நனைத்து, கத்தரி காதோரம் வந்த நேரத்தில் நெஞ்சு திடீரென்று தடதடவென்று அடித்தது. கை இரண்டும் மின்சாரம் தொட்டதுபோல் சுர்ரென்றது. சலூன்காரர் பேசுவது அடுத்த தெருவிலிருந்து கேட்டது. கண்ணாடியில் இருந்த முகம் யாருடையதோ போல் இருந்தது. அவ்வளவுதான், நம் கதை முடிந்தது என்று நினைத்தார். அவசர வேலை என்று சொல்லிவிட்டு, பாதி வெட்டிய தலையோடு, கட்டிய துணியோடு தெருவுக்கு ஓடி வந்தார். ஒரு சோடா குடித்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. சோடாவுக்கு அடங்கினால் அது கேஸ்தானே? அதற்குப் பிறகு கூட்டம் என்றால் கடைசி வரிசை, பஸ் என்றால் கதவோர சீட், சலூன் என்றால் கும்பிடு. ஐந்து மாடி ஆழ லிஃப்ட் குழியில் டார்ச் வெளிச்சத்தில் ஒண்டியாக நின்று வேலை செய்கிற மனிதர் ஒரு முழத் துணிக்குப் பயந்தார் என்று வெளியே சொல்ல முடியுமா? கேஸ் என்று சொல்வது கௌரவமாக இருந்தது.

அவருக்கு ஒரே மகள், பதினொரு வயது. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், வரைபடத்தில் கடலுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் திட்டவில்லை, எதுவும் நடக்கவில்லை. சும்மா இருந்த இடத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு போதவில்லை, கை மரத்துப்போனது. "மிஸ், நான் செத்துப்போயிடுவேன்" என்றாள். பள்ளிக்கூடம் பதறியது. ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், நுரையீரலைத் தட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாம் நார்மல். ஒண்ணுமில்ல" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"ஒண்ணுமில்லன்னா அப்ப வந்தது என்னது?" என்று கேட்டாள் வக்கீல்.

அடுத்த நோயாளி காத்திருந்ததால் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து மறுபடி வந்தது. பள்ளியிலிருந்து போன் வந்ததும் லிஃப்ட்காரர் பைக்கில் பறந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். மகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். தெருமுனை வருவதற்குள் அவளுக்குச் சரியாகிவிட்டது. "நான் போனதும் சரியாயிட்டா" என்று மனைவியிடம் சொன்னபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த முறை ஒன்பது நிமிடம். அதற்கடுத்து, பள்ளிக்குப் பக்கத்துக் கட்டடங்களாகப் பார்த்து வேலையை மாற்றி வாங்கிக்கொண்டு, ஏழு. மீட்பது அவருடைய தொழில், அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவர் வேகம் கூடக் கூட அதுவும் அடிக்கடி வந்தது என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

மூன்றாவது பீரியடில் வந்தது முதல் பீரியடில் வர ஆரம்பித்தது. அப்புறம் கேட்டில் வந்தது. அப்புறம் காலையில் சீருடையின் இரண்டாவது பட்டனைப் போடும்போதே வந்தது. கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அவள் வீட்டில் உட்கார்ந்தாள். மூன்று வாரம். லிஃப்ட்காரர் அவளுக்கு மதியம் கதைப் புத்தகம் வாங்கி வந்தார்.

"அவளை வெளியே கூட்டிட்டு வர்றதுல நீங்க பெரிய கெட்டிக்காரர். அவளை அங்க இருக்க வைக்கிறதுல யாரு கெட்டிக்காரர்?" என்று மனைவி கேட்டார்.

"குழந்தை சாகற மாதிரி துடிக்குதே. பார்த்துட்டு நிக்கச் சொல்றியா?"

"துடிக்குது. நானும் பார்க்கறேன். ஆனா நாளுக்கு நாள் அவ உலகம் சின்னதாகிட்டே போகுதுங்க."

அந்த வாரமே தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷிதான், ஆனால் அவர் கையிலும் ஒரு சட்டம் இருந்தது. ஐந்து வாரத்தில் ஆண்டுத் தேர்வு. பெரிய ஹாலில், மூன்று மணி நேரம், எல்லோரோடும் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். அதைக் கேட்ட வக்கீல் அன்றைக்கு வாதாடவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து, "எல்லாரும் மேல போயிடுவாங்க, நான் மட்டும் சின்னப் பசங்களோட உட்காரணுமா?" என்று சத்தமில்லாமல் அழுதாள். லிஃப்ட்காரருக்குக் கை ஒடிந்ததுபோல் இருந்தது. எந்தக் கதவைத் திறந்து இவளை வெளியே எடுப்பது?

மனைவி பேசிக்கொண்டிருக்கவில்லை. குழந்தைகளின் மனநலம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கிவிட்டார். மூன்று பேரும் போனார்கள். கட்டடத்தைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்கு லேசாக உதைத்தது. அறைக்குள் நுழைந்ததும் நன்றாகவே உதைத்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அதே டாக்டரம்மா.

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு, குரலை மாற்றி, வணக்கம் என்றார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஒன்பது பட்டன்" என்றார்.

"மேடம், அன்னைக்கு..."

"அன்னைக்கு நான் பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க. ரெண்டு வருஷமா சொல்லணும்னு இருந்தேன். முதல்ல உட்காருங்க."

வக்கீல் சொன்னதையெல்லாம் டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டினார். பிறகு பெற்றோரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசினார்.

"இதுக்குப் பேரு பேனிக் அட்டாக். ஒண்ணுமில்லன்னு சொன்னது தப்பு. இது நிஜமா வர்றது, நிஜமாவே பயங்கரமா இருக்கும். ஆனா இதனால நீ சாக மாட்டே. பத்து நிமிஷத்துல உச்சிக்குப் போகும், அப்புறம் தானா இறங்கும். யாரும் எதுவும் செய்யலன்னாலும் இறங்கும்."

"அப்ப ஏன் வருது?"

"ஆபத்து வந்தா ஓடறதுக்கு உடம்புல ஒரு ஏற்பாடு இருக்கு. அது சில பேருக்கு ஆபத்தே இல்லாம கிளம்பிடும்."

லிஃப்ட்காரரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "லிஃப்ட்ல வேகம் மீறினா பிடிக்கிற பிரேக் இருக்கு மேடம். சில சமயம் வேகமே இல்லாம விழுந்துடும். பெட்டி குலுங்கி நிக்கும், உள்ள இருக்கறவங்க அறுந்து விழுந்துடுச்சுன்னு அலறுவாங்க. ஆனா அதுதான் விழாம பிடிச்சிட்டு இருக்கும்."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "சரி, இப்ப நான் உங்களை ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நான் அவ்வளவு கத்தினேன். கதவு உங்க கைக்கு எட்டற தூரத்துல இருந்தது, சாவி உங்க கையில இருந்தது. ஏன் திறக்கல?"

"பாதித் தளத்துல திறக்கக் கூடாது மேடம். பெட்டி தளத்துக்கு வரணும். அதுவரைக்கும் உள்ள இருக்கறதுதான் பத்திரம்."

"அப்புறம் உங்க பொண்ணுக்கு மட்டும் ஏன் தினமும் பாதித் தளத்துல திறக்கறீங்க?"

லிஃப்ட்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மாவே தொடர்ந்தார்.

"அது உச்சியில இருக்கறப்ப நீங்க தூக்கிட்டு வந்துடறீங்க. அது தானா இறங்கும்னு அவ ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. அப்பா வந்ததாலதான் பிழைச்சேன், அங்கேயே இருந்திருந்தா செத்திருப்பேன்னு அவ உடம்பு கத்துக்கிட்டு இருக்கு. லிஃப்ட்ல மாட்டின மறுநாள் நானும் படியேறித்தான் போகணும்னு நினைச்சேன். பயந்துக்கிட்டேதான் மறுபடி அதே லிஃப்ட்ல ஏறினேன். அன்னைக்கு ஏறலன்னா இன்னைக்கு வரைக்கும் படிதான்."

லிஃப்ட்காரருக்கு அவமானமாக இருந்தது. கோபம் யார் மேல் என்று தெரியாமல் கோபமும் வந்தது. கண் வேறு கலங்கித் தொலைத்தது. ஊரான் பிள்ளைகளையெல்லாம் பொறுமையாகத் தளத்துக்கு இறக்கியவர், பெற்ற பெண்ணை மட்டும் பத்து தடவை குழிக்கு மேலே இறங்கச் சொல்லியிருக்கிறார்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வக்கீல் எழுந்து நின்றாள்.

"டாக்டர், அப்பாவுக்கும் இது வரும். சலூன்ல வரும். அதான் தலை இப்படி இருக்கு."

டாக்டரம்மா அவருடைய தலையைப் பார்த்தார். மனைவியும் பார்த்தார், முதல்முறை பார்ப்பதுபோல.

"அது கேஸ், மேடம்" என்றார் லிஃப்ட்காரர்.

"இருக்கலாம். உங்க வயசுல நெஞ்சு படபடன்னா முதல்ல இதயத்தைப் பார்த்துடணும். அது சரியா இருந்துதுன்னா கேஸைப் பத்திப் பேசுவோம்."

இதயத்தைப் பார்த்தார்கள். குதிரை மாதிரி இருந்தது. ஆறு வருடமாகக் கட்டிக்காத்த கேஸ் ஒரே காகிதத்தில் போயிற்று.

டாக்டரம்மா சொன்னபடி அடுத்த வாரம் வேலை ஆரம்பமாயிற்று. முதல் நாள் ஒரே ஒரு பீரியட், அட்டாக் வந்தாலும் வராவிட்டாலும். மூன்று நாள் கழித்து இரண்டு. அட்டாக் வந்தால் வகுப்புக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்காரலாம், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே மெதுவாக விடலாம், ஆபீசிலிருந்து அப்பாவுக்குப் போன் போடலாம். வீட்டுக்குப் போவது மட்டும் கிடையாது, அடங்கியதும் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். வகுப்பு ஆசிரியைக்கும் இது சொல்லப்பட்டது. அவர் தலையாட்டினார். பைக் சாவியை மனைவி தன் கைப்பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டார். புருஷனை அவருக்குத் தெரியும்.

இரண்டாவது நாளே போன் வந்தது. லிஃப்ட்காரர் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் மெஷின் அறையில் கை நிறைய கிரீஸோடு இருந்தார். ஒல்லி போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

"அப்பா, வாங்க."

இருபத்துநான்கு வருடத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட யாரும் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. கால் தானாகக் கதவுப் பக்கம் போயிற்று. ஒல்லி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார். தொழில் குரல்தான் வந்தது, நல்லவேளை. "விளக்கு எரியுதா?"

"அப்பா, வாங்கப்பா."

"ஃபேன் எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு."

"எனக்கு மூச்சு முட்டுதுப்பா, நீங்க ஃபேன் எண்ணச் சொல்றீங்க."

"எண்ணு. எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஃபேன் மூன்று. அலமாரி இரண்டு. ஜன்னல் கம்பி பதினான்கு. நடுவில் அவள் அழுதாள், கெஞ்சினாள், "நீங்க என் அப்பாவே இல்ல" என்றாள். டாக்டரம்மாவின் திட்டெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினாறாவது நிமிடம் அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது.

"இறங்குதுப்பா" என்றாள் வக்கீல், ஆச்சரியமாக. "தானா இறங்குது."

போனை வைத்ததும் லிஃப்ட்காரர் கிரீஸ் கையோடு தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ஒல்லி டீ வாங்கி வரப் போனார்.

அதற்குப் பிறகு வந்த அட்டாக்குகளுக்கு வயதாகத் தொடங்கியது. பன்னிரண்டு நிமிடம், எட்டு நிமிடம், வந்த சுவடே தெரியாமல் இரண்டு நிமிடம். நடுவில் ஒரு வாரம் மறுபடி மோசமானது, அதையும் தாண்டினார்கள். அரை நாள் முழு நாளானது. ஆனால் தேர்வு ஹால் வேறு. அங்கே பெஞ்ச் கிடையாது, போன் கிடையாது, கதவைச் சாத்திவிடுவார்கள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் வக்கீல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் போகல" என்றாள்.

"ஏம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றார் அப்பா. "மூணு மணி நேரம்தானே. வந்தாலும் தானா போயிடும்னு உனக்கே தெரியும்."

"உங்களுக்கும்தான் தெரியும். நீங்க சலூனுக்குப் போனீங்களா?"

மனைவி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

"அது வேறம்மா."

"எப்படி வேற? அரை மணி நேரம்தான். நாளைக்கு நீங்க போய் முழுசா வெட்டிக்கிட்டு வந்தா, நாளன்னைக்கு நான் போறேன். நீங்க பாதியில எழுந்து வந்தா நானும் பாதியில எழுந்து வருவேன்."

வழக்கு அங்கேயே முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு வருடம் கழித்து, லிஃப்ட்காரர் அதே சலூனில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வக்கீல் பின்னால் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு காவல் இருந்தாள். சலூன்காரருக்கு அவரை நன்றாக நினைவிருந்தது.

"அண்ணே, என் துணி ஒண்ணு உங்ககிட்ட இருக்கு" என்றார். தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை யாரு வெட்டினது? பகையா?" என்றார்.

கழுத்தில் துணி கட்டியதும் தொடங்கியது. நெஞ்சு தடதடத்தது, கை சுர்ரென்றது, சலூன்காரர் குரல் அடுத்த தெருவுக்குப் போயிற்று. இது கேஸ் இல்லை என்று இப்போது அவருக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறைந்ததா என்றால், ஒரு துளிகூடக் குறையவில்லை. எழுந்து ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இடது பக்கம் முடிந்து, வலது பக்கம் அப்படியே காடாக நின்றது. கண்ணாடியில் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார்.

"அண்ணே, வேர்க்குதே. துணியை அவிழ்த்துடவா?"

அவர் கை துணி முடிச்சுக்குப் போயிற்று. கண்ணாடியில் மகள் தெரிந்தாள். கால் ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போவதா வேண்டாமா என்பது முழுக்க அந்தக் கையில் இருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவிழ்க்காதீங்க அண்ணா" என்றாள் வக்கீல். எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா பாதித் தளத்துல இருக்காரு. அப்பா, அலமாரியில சீப்பு எத்தனை?"

"தெரியலம்மா."

"எண்ணுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

சீப்பு ஏழு. கத்தரி நான்கு. பவுடர் டப்பா இரண்டு, ஒன்றில் மூடி இல்லை. மூச்சை மெதுவாக வெளியே விட்டார். கை முடிச்சிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது. சலூன்காரருக்கு எதுவும் விளங்கவில்லை, ஆனால் தன் கடைப் பொருளை ஒருவர் இவ்வளவு அக்கறையாக எண்ணுவதில் அவருக்கும் சந்தோஷம்தான். மறுபடி கத்தரி ஓடியது. வலது காதைத் தாண்டும்போது நெஞ்சு அடங்கிவிட்டது. அது அடங்கிய விதத்தை லிஃப்ட்காரர் ஆறு வருடத்தில் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து, "யாருங்க, என்ன வேணும்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வக்கீல் தேர்வு ஹாலுக்குள் போனாள். கண்காணிக்க வந்த ஆசிரியையிடம் லிஃப்ட்காரர் முன்பே போய், ரொம்ப முடியாவிட்டால் ஆபீசிலிருந்து ஒரு போன் போட அனுமதி வாங்கி வைத்திருந்தார். மகளிடமும் சொல்லியிருந்தார். கதவைச் சாத்தினார்கள். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். புதுத் தலையில் வெயில் சுள்ளென்று விழுந்தது. போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அது ஒலிக்கும் முன்பே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டின் கம்பிகளை எண்ணினார், முப்பத்தாறு. மறுபடி எண்ணினார். பத்து மணி, பதினொன்று. போன் ஒருமுறை ஒலித்தபோது பதறிக் காதில் வைத்தார். ஒல்லி, ஸ்பேனர் எங்கே என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. பிள்ளைகள் கூச்சலோடு கொட்டினார்கள். கடைசியில் வக்கீல், கையெல்லாம் மை, தோழியோடு விடையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். வந்து அப்பாவிடம் பையைக் கொடுத்தாள்.

"வரலல்ல?" என்றார் அவர்.

"வந்துச்சே. மூணாவது கணக்குல பெருசா வந்துச்சு. ரொம்ப பயங்கரம். கண்ணீரே வந்துடுச்சு."

"அய்யோ. அப்புறம் ஏம்மா கூப்பிடல? நான் இங்கயேதான் நின்னேன், போன் கையிலயே இருந்துச்சே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய மனுஷி மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"கூப்பிட்டா நீங்க வந்துடுவீங்களே அப்பா" என்றாள்.